வயல் எலி, பெருச்சாளி, மூஞ்சுறு: உறுப்புகளில் புழுவின் சேதத்தை எப்படிப் படிப்பது?

நாஞ்சில்_விலங்கியல் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் முதுகலை விலங்கியல் மாணவர்களின் ஆய்வுக்காகக் கேட்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் பூதப்பாண்டி, தேரூர் பக்கத்து வயல்களில் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு சமயத்தில் விவசாயிகள் கிட்டி வைத்துப் பிடிக்கிற எலிகளையும், குலசேகரம் பக்கத்து ரப்பர், வாழைத் தோட்டங்களில் விழுகிற பெருச்சாளி, மூஞ்சுறுகளையும் வாங்கி அறுத்துப் பார்க்கிறார்கள். குடல் புழுக்களை எண்ணுவதில் சிக்கல் இல்லை. குழப்பம் மற்ற உறுப்புகளில்தான்.

கல்லீரலில் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் புள்ளிகள், கோடுகள், சிலவற்றில் பட்டாணி அளவில் கொப்புளம். எல்லாவற்றையும் "புழுக்கட்டி" என்று ஒரே பெயரில் எழுதலாமா? நுரையீரலில் சிவப்புத் திட்டுகள் தெரிகின்றன. அதுவும் புழுவின் வேலைதானா? புழு எண்ணிக்கையை ஒரு பக்கமும் கல்லீரல், மண்ணீரல் எடையை மறுபக்கமும் வைத்துத் தொடர்பு கணக்கிட்டால் பாதிப்பைச் சொல்லிவிட முடியுமா? பிடித்த அன்றே அறுக்க முடியாதவற்றை ஃப்ரீசரில் வைக்கிறார்கள். அது சரியா?

கடைசியாக ஒன்று. கீரிப்பாறை, பேச்சிப்பாறை மேல்காட்டில் இருக்கிற சிறு பாலூட்டிகளுக்கும் இதே புழுக்கள் போகுமா, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

நோயியல்_தக்கலை:

மேடம், புழுவுக்குப் போகும் முன் அந்த எலி எப்படிச் செத்தது என்று எழுதச் சொல்லுங்கள். நுரையீரல் சிவப்புக்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

வயலில் புரோமாடியோலோன் என்ற எலிவிஷக் கேக் வைத்திருந்தால் ரத்தம் உறையாது. நெஞ்சறையிலும் நுரையீரலிலும் தோலுக்கடியிலும் ரத்தம் கசிந்து நிற்கும். சிங்க் பாஸ்பைடு என்ற இன்னொரு எலிவிஷம் தின்ற எலியில் நுரையீரல் கனத்து, நீர் கோத்து, அறுத்தால் நுரை வரும். கல்லீரலும் வெளிறிப்போகும். வில் கிட்டியோ இரும்புக் கிட்டியோ நெஞ்சில் அடித்திருந்தால் ஒரு பக்க நுரையீரல் மட்டும் கன்றிப்போயிருக்கும். இந்த மூன்றும் புழு இல்லாமலே வருகிறவை. விஷம் வைத்த வயலின் எலியை உறுப்பு ஆய்வில் சேர்க்கவே வேண்டாம், புழு எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிங்க் பாஸ்பைடு சந்தேகம் இருந்தால் (பூண்டு வாடை வரும்) இரைப்பையை மூடிய அறையில் திறக்கக்கூடாது. வயிற்று அமிலம் பட்டு உண்டான பாஸ்பைன் என்ற நச்சு வாயு உள்ளே நிற்கும்.

இனி கல்லீரல். ஒரே பெயரில் எழுதினால் ஆய்வே வீண். நீங்கள் சொல்வதில் குறைந்தது இரண்டு வேறு புழுக்கள் இருக்கின்றன.

பட்டாணி அளவுக் கொப்புளம் பெரும்பாலும் பூனை நாடாப்புழுவின் இளம்பருவம். டீனியா டீனியாஃபார்மிஸ் (இப்போது ஹைடாட்டிஜெரா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள்). கல்லீரல் மேற்பரப்பிலிருந்து புடைத்து நிற்கும், வெண்மையான உறை, 4 முதல் 10 மி.மீ. ஊசியால் உறையைக் கீறினால் உள்ளே சுருண்ட வெள்ளை நாடா வெளியே வரும். அதற்குத் தலை உண்டு, உறிஞ்சிகள் உண்டு, தலை உச்சியில் இரண்டு வரிசைக் கொக்கிகள் உண்டு, வால்நுனியில் சின்ன நீர்ப்பை. நீட்டி வைத்தால் கொப்புளத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத நீளம் வரும். எலி முட்டையைத் தின்று ஏறக்குறைய 2 மாதத்தில் இது பூனைக்குத் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதனால் வீட்டுப் பூனை நடமாடுகிற களத்துமேடு, தொழுவம் பக்கத்து எலிகளில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம்.

மஞ்சள் கலந்த வெள்ளைக் கோடுகள், ஒழுங்கில்லாத திட்டுகள், தடவினால் புடைப்பு தெரியாது என்றால் காலோடியம் ஹெப்பாட்டிக்கம். பழைய புத்தகங்களில் கேப்பிலேரியா ஹெப்பாட்டிகா. உறுதி செய்ய ஐந்து நிமிடம் போதும். திட்டிலிருந்து 2 மி.மீ. துண்டு வெட்டி, ஸ்லைடில் ஒரு துளி கிளிசரின் விட்டு, மேலே இன்னொரு ஸ்லைடு வைத்து அழுத்தி 10x-இல் பாருங்கள். இரண்டு முனையிலும் அடைப்பு வைத்த பீப்பாய் வடிவ முட்டைகள் கொத்துக்கொத்தாகத் தெரியும், ஏறக்குறைய 50–60 மைக்ரான் நீளம், 30–35 அகலம். குடலில் இருக்கிற சாட்டைப்புழு முட்டையும் இதே வடிவம்தான். ஆனால் அதன் ஓடு வழவழப்பு, அடைப்பு வெளியே துருத்தும். காலோடியத்தின் ஓட்டில் குறுக்குக் கோடுகளும் குழிகளும் இருக்கும், அடைப்பு துருத்தாது. மாணவர்கள் இடறுகிற இடம் இதுதான்.

இந்தப் புழுவின் சேதம் விசித்திரமானது. முட்டை பெருங்குடல் தொடக்கத்தில் பொரிந்து, இளம்புழு போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) வழியாகக் கல்லீரலுக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் முதிர்ந்து, திசுவுக்குள்ளேயே முட்டையிட்டு அங்கேயே செத்துவிடும். புழு மறைந்த பிறகும் முட்டைகள் நிற்கும். அவற்றைச் சுற்றி அழற்சி, பிறகு நார்த்திசு. எலியில் அந்த நார்த்திசு முட்டை இருக்கும் இடத்தோடு நிற்பதில்லை, கல்லீரல் முழுக்கத் தடுப்புச்சுவர் கட்டிக்கொண்டு பரவும். மேசன் டிரைகுரோம் சாயம் போட்டால் நீலக் கோடுகளாக அது எழுந்து தெரியும். ஆக, புழுவை எண்ணித் தேடினால் பூஜ்யம், கல்லீரலோ தழும்பால் நிறைந்திருக்கும்.

இரண்டும் இல்லாத வெள்ளைப் புள்ளிகளும் உண்டு. கீறினால் சீழ் வந்தால் பாக்டீரியாக் கட்டி, கிராம் சாயம் போடுங்கள். குண்டூசித் தலை அளவில், உள்ளே ஒன்றும் தெரியாத புள்ளிகள் என்றால் நாய், பூனையின் டாக்சோகாரா இளம்புழு அலைந்து திரிந்த தடமாக இருக்கலாம். எலி அதற்குத் தற்காலிக வீடு மட்டும். அந்த எலியின் மூளையையும் இரண்டு கண்ணாடிக்கு நடுவே அழுத்திப் பாருங்கள், டாக்சோகாரா கேனிஸ் அங்கே போய்த் தங்கும் பழக்கம் உடையது. பித்தநீர் பட்ட பச்சைக் கறையும், செத்து நேரமானதால் வரும் வெளிறலும் நோயே அல்ல.

இன்னொன்று. பழைய டீனியா உறையைச் சுற்றிக் கெட்டியான சாம்பல் வெள்ளைச் சதை வளர்ந்திருந்தால் விடாதீர்கள். எலிக்கு இந்த முட்டைகளைக் கொடுத்துக் கல்லீரல் சார்கோமா புற்று வரவைத்ததை 1920இல் புல்லக், கர்ட்டிஸ் இருவரும் காட்டினார்கள். உறைச்சுவரும் பக்கத்துத் திசுவும் சேர்ந்து வரும்படி துண்டு எடுத்துத் திசுவியலுக்கு (மெல்லிய சீவலாக்கிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) அனுப்புங்கள்.

நுரையீரல்_நத்தை:

டாக்டர் விஷத்தையும் கிட்டியையும் சொன்னது மிகச் சரி. அவற்றைக் கழித்த பிறகு நுரையீரலில் இரண்டு புழுக்களைத் தேட வேண்டும்.

சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் நுரையீரல் முழுக்கச் சமமாகத் தூவியிருந்தால் நிப்போஸ்டிராங்கைலஸ் என்ற உருளைப்புழு. இதன் இளம்புழு ஈரமண்ணிலிருந்து தோலைத் துளைத்து நுழைந்து நுரையீரலுக்குப் போய், காற்றுப்பைகளைக் கிழித்துக்கொண்டு மூச்சுக்குழல் ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்கு இறங்கும். ரத்தக்கசிவு முதல் மூன்று நாளில்தான். குடலில் முதிர்ந்த புழு இருக்கும்போது நுரையீரல் பெரும்பாலும் தெளிந்துபோயிருக்கும். அதாவது, நுரையீரல் மோசமாக இருக்கிற எலியின் குடலில் புழு இருக்காது, குடல் நிறையப் புழு இருக்கிற எலியின் நுரையீரல் பார்க்க நன்றாக இருக்கும். மேடம் கேட்ட தொடர்புக் கணக்கு இங்கேயே தலைகீழாகிவிடும்.

குலசேகரம் பக்கம் முக்கியமானது எலி நுரையீரல் புழு, ஆஞ்சியோஸ்டிராங்கைலஸ் கான்டோனென்சிஸ். சீனாவின் கான்டன் நகர எலிகளில் கண்டு 1935இல் விவரிக்கப்பட்டது. நம் நாட்டில் மும்பைப் பெருச்சாளிகளில் முன்பே பதிவானது. பக்கத்துக் கேரளத்தில் இதனால் வந்ததாகக் கருதப்படும் மூளையுறை அழற்சி பிள்ளைகளிடம் பதிவாகியிருக்கிறது. ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் ஓடில்லாத நத்தைகளும் இதைச் சுமப்பவை. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கும் ஐப்பசி மழைக்கும் ரப்பர், வாழைத் தோட்டங்களில் நத்தை கிளம்புகிற ஊரில் பெருச்சாளியை அறுக்கும்போது இதைத் தேடாமல் விடக்கூடாது.

அது போகிற பாதை: எலி நத்தையைத் தின்கிறது. மூன்றாம் பருவ இளம்புழு குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது. அங்கே இரண்டு முறை தோலுரித்து, மூளையுறைக்கடியில் சில நாள் இருந்து, ஏறக்குறைய நான்காவது வாரத்தில் சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் வந்து நுரையீரல் தமனியில் தங்குகிறது. முட்டைகள் ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும், அங்கேயே பொரியும். முதல் பருவ இளம்புழு புழுக்கையில் தெரிய ஆறு ஏழு வாரம் ஆகும்.

எனவே ஒரே புழு மூன்று உறுப்பைத் தொடுகிறது. தேடுவதும் அந்த வரிசையில்தான். மண்டையோட்டின் மேற்கூரையைக் கத்தரியால் இரண்டு பக்கமும் வெட்டித் தூக்கி, மூளையை முழுசாக 0.85% உப்புக் கரைசலில் போட்டு, உறையை இடுக்கியால் மெதுவாக உரித்துப் பாருங்கள். 1 செ.மீ. அளவில் மெல்லிய வெள்ளைப் புழு இருக்கலாம். பிறகு இதயத்தையும் நுரையீரலையும் பிரிக்காமல் ஒன்றாக எடுங்கள். வெட்டிப் பிரிக்கிற அந்த ஒரு வெட்டில்தான் தமனியில் இருக்கிற புழு துண்டாகி எண்ணிக்கை கெடும். வலது கீழறையைத் திறந்து, கத்தரியின் மழுங்கிய நுனியை உள்ளே விட்டு, நுரையீரல் தமனி வழியாகவே கிளைகள் வரை வெட்டிக்கொண்டு போங்கள். பெண் புழுவைப் பார்த்தால் சந்தேகம் வராது: ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளைக் கருப்பைக் குழலும் ஒன்றையொன்று சுற்றி, இரண்டு நிற நூலில் முறுக்கிய கயிறு போல இருக்கும்.

நுரையீரல் ஓரங்களில் சாம்பல் மஞ்சள் கெட்டித் திட்டு இருந்தால் அது முட்டைகளும் இளம்புழுக்களும் சேர்ந்த அழற்சி முடிச்சு. தமனி அடைபட அடைபட வலது கீழறை அதிகம் தள்ள வேண்டியிருக்கும், சுவர் தடிக்கும். இதை அளக்க ஃபுல்டன் குறியீடு எடுங்கள். மேலறைகளை வெட்டி நீக்கி, வலது கீழறையின் வெளிச்சுவரை மட்டும் தனியாக வெட்டி, ரத்தத்தை ஒற்றி எடுத்து எடை போடுங்கள். அதை, இடது கீழறையும் நடுச்சுவரும் சேர்ந்த எடையால் வகுக்க வேண்டும். நல்ல எலியில் 0.25ஐ ஒட்டி வரும். 200 கிராம் எலியின் முழு இதயமே ஒரு கிராமுக்குக் கீழ் என்பதால் 1 மில்லிகிராம் காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். எல்லாவற்றையும் பச்சையாக எடை போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஃபார்மலினுக்குப் பிறகு போடுங்கள். இரண்டையும் கலந்தால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

திசுவியலுக்கு நுரையீரலை அப்படியே ஃபார்மலினில் போட்டால் மிதக்கும், உள்ளே இறங்காது. மூச்சுக்குழலில் மெல்லிய குழாய் கட்டி, 25 செ.மீ. உயரத்திலிருந்து ஃபார்மலினை இறக்கி, நுரையீரல் விரிந்ததும் கட்டிவிட்டுப் போடுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது: எலி நுரையீரலிலோ புழுக்கையிலோ இருக்கிற இளம்புழு மனிதருக்குத் தொற்றாது. தொற்றுவது நத்தைக்குள் வளர்ந்த மூன்றாம் பருவம். தோட்டத்தில் நத்தையை வெறுங்கையால் பொறுக்குவதும், கீரையைக் கழுவாமல் தின்பதும்தான் ஆபத்து. மனித உடம்பில் புழு மூளையைத் தாண்டி வர முடியாமல் அங்கேயே சாகும், அழற்சி அதனால்தான். நாய்க்கும் அதே கதி.

நாஞ்சில்_விலங்கியல்:

இரண்டு பேருக்கும் நன்றி. இதயத்தையும் நுரையீரலையும் தனித்தனியாக எடுத்துத்தான் மாணவர்கள் படம் எடுக்கிறார்கள், இனி மாற்றச் சொல்கிறேன். இரண்டு பெருச்சாளியில் இரைப்பை வழக்கத்தைவிடப் பெரியதாக, உட்சுவர் தடித்து மடிப்பு மடிப்பாக இருந்தது. இரைப்பையில் புழு இல்லை. கல்லீரலில் டாக்டர் சொன்ன கொப்புளங்கள் நிறைய. இது தற்செயலா? ஃப்ரீசர் கேள்விக்கும், குடல், சிறுநீர்ப்பை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

குடல்_முதல்_பை_வரை:

மேடம், தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. கல்லீரலில் டீனியா இளம்புழு நிறைய இருக்கிற எலியில் இரைப்பைச் சளிச்சவ்வு தடிப்பது ஆய்வகங்களில் நன்றாகத் தெரிந்த விஷயம். அமிலம் சுரக்கும் செல்கள் குறைந்து, சளி சுரக்கும் செல்கள் பெருகி, ரத்தத்தில் காஸ்ட்ரின் (அமிலம் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) ஏறும். புழு ஒரு உறுப்பில், வீக்கம் வேறு உறுப்பில். அந்த இரைப்பைகளைத் தூக்கிப் போடாமல், வளைவு நெடுகத் திறந்து, அட்டையில் ஊசி குத்தி விரித்து ஃபார்மலினில் வையுங்கள். சுருண்ட இரைப்பையிலிருந்து எடுத்த வெட்டில் தடிப்பை அளக்க முடியாது.

இரைப்பையிலேயே வாழ்கிற புழுக்களும் உண்டு. மாஸ்டோஃபோரஸ் கண்ணுக்கே தெரியும் தடித்த புழு, நிறைய இருந்தால் இரைப்பையையே அடைத்துக்கொள்ளும். கோங்கைலோனீமா என்பது நாக்கு, உணவுக்குழல், முன் இரைப்பையின் சவ்வுக்குள் நெளிநெளியாகப் பதிந்திருக்கும், கரப்பான் வழியாக வரும். இதைக் கண்டால் புற்று என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். எலியின் இரைப்பைப் புற்றுக்கு இதுவே காரணம் என்று சொல்லித்தான் ஃபிபிகருக்கு 1926ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அந்த எலிகளுக்கு வைட்டமின் ஏ குறைவு இருந்ததும், அவர் பார்த்தவை பெரும்பாலும் அதனால் வந்த சவ்வு மாற்றங்கள் என்பதும் பிறகுதான் தெளிந்தது. புழு இருந்தது, சேதமும் இருந்தது, இரண்டையும் முடிச்சுப் போட்டது தவறாகிவிட்டது.

சிறுகுடலில் ஹைமெனோலெப்பிஸ் டிமினியூட்டா என்ற நாடாப்புழு 20 முதல் 60 செ.மீ. வரை நீளும், ஆனால் தலையில் கொக்கி இல்லை, சுவரைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. ஒரே எலியில் பல இருந்தால் ஒவ்வொன்றும் குட்டையாகும், அதனால் மொத்த எடையையும் எடுத்து வையுங்கள். நேர்மாறாக, மோனிலிஃபார்மிஸ் என்ற முள்தலைப்புழு சிலதே இருந்தாலும் சேதம் பெரிது. கணுக்கணுவான உடம்பு, முள் நிறைந்த மூக்கு சுவருக்குள் புதைந்திருக்கும். குடலைத் திறக்கும் முன்பே வெளிப்பக்கத்தில் வெளிறிய முடிச்சுகளாக அந்த இடம் தெரியும். அதைப் பிடித்து இழுத்தால் மூக்கு அறுந்து சுவரிலேயே நிற்கும், இனம் கண்டுபிடிக்க முடியாது. சுற்றியிருக்கும் சுவரோடு வெட்டி எடுத்து, சாதா தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் சில மணி நேரம் வையுங்கள். மூக்கு வெளியே நீண்டு வரும், அப்புறம் பிரியுங்கள்.

சிறுநீர்ப்பையை எல்லாரும் மறக்கிறார்கள். அங்கே ட்ரைக்கோசோமாய்டிஸ் கிராசிகாடா என்ற நூல் போன்ற புழு உட்சவ்வுக்குள் வாழும். பெண் புழு ஏறக்குறைய 1 செ.மீ., ஆண் புழு அதன் இனப்பெருக்கக் குழலுக்குள்ளேயே குடியிருக்கும். சவ்வு தடிக்கும், கல் சேர்வதோடும் தொடர்பு சொல்கிறார்கள். பையை ஊசியால் உப்புக் கரைசல் ஏற்றி விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளை இழை தெரியும். முதலில் அதிலிருக்கும் சிறுநீரை ஊசியால் எடுத்து ஒரு துளி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், இரு முனை அடைப்புள்ள பழுப்பு முட்டை இருந்தால் வேலை சுலபம்.

ஃப்ரீசர்: புழு எண்ண, கொப்புளம் எண்ண, காலோடியம் முட்டை பார்க்க, பரவாயில்லை. திசுவியலுக்கு ஆகாது. பனித்துகள் செல்களைக் கிழித்துவிடும், அதைப் பார்த்து "செல் சிதைவு" என்று எழுதினால் அது ஃப்ரீசரின் சிதைவு. நம் ஊர்ச் சூட்டில் செத்த எலியின் குடல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே கரையத் தொடங்கும், மூஞ்சுறுவில் இன்னும் வேகம். விடிந்தவுடன் கிட்டியைப் பார்த்து, ஐஸ் பெட்டியில் (ஐஸ் நேரடியாகப் படாமல்) கொண்டுவந்து, உடனே திறக்க முடிந்தவற்றை மட்டும் திசுவியலுக்கு எடுங்கள். எல்லா எலியையும் ஒரே மாதிரி அறுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதை எப்படி எடுத்தோம் என்ற பதிவுதான் கட்டாயம்.

நடுநிலை ஃபார்மலின் அளவு: கடையில் வாங்கும் 37–40% ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். துண்டு 5 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டாம், திசுவின் கனஅளவைப் போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின். உப்புச் சேர்க்காத வெறும் ஃபார்மலினில் ரத்தம் நிறைந்த கல்லீரல், மண்ணீரல் துண்டுகளில் கரும்பழுப்புத் துகள் படியும், மாணவர் அதைப் புழு நிறமி என்று எண்ணிவிடுவார்.

உருளைப்புழுவை 60–70 டிகிரிச் சூட்டில் 70% ஆல்கஹாலில் போட்டால் நேராக நீண்டு சாகும். குளிர்ந்த ஆல்கஹாலில் சுருண்டுவிடும். நாடாப்புழுவை முதலில் தண்ணீரில் தளரவிட்ட பிறகுதான் எதிலும் போட வேண்டும். டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டை 95% ஆல்கஹாலில் தனியாக வையுங்கள், ஃபார்மலின் பட்டது உதவாது.

கை பத்திரம். இரட்டைக் கையுறை, முகக்கவசம். எலிச்சிறுநீரில் லெப்டோஸ்பைரா (எலிக்காய்ச்சல் பாக்டீரியா), உடம்பில் உண்ணியும் தெள்ளும், ஸ்க்ரப் டைஃபஸ் தரும் சிற்றுண்ணி இளம்பருவமும் இருக்கலாம். அறுக்கும் முன் பிளாஸ்டிக் பையில் குளோரோஃபார்ம் பஞ்சோடு 10 நிமிடம் கட்டி வையுங்கள். குள்ள நாடாப்புழுவின் முட்டை வெளியே வந்த உடனே தொற்றும் தன்மையுடையது என்பதால் மேசையில் தண்ணீர் பாட்டில்கூட வேண்டாம்.

எண்ணும்_எடையும்:

முறைகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கணக்கில் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பல ஆய்வேடுகள் விழுகிற குழி அது.

"கல்லீரல் எடை கூடியது, புழுவும் கூடியது, எனவே புழு கல்லீரலை வீங்க வைத்தது" என்று எழுத முடியாது. டீனியாவும் காலோடியமும் வயது ஏற ஏறச் சேர்கிறவை. கல்லீரலும் வயதோடு வளர்கிறது. கர்ப்பிணி, பால் கொடுக்கும் எலியில் கல்லீரல் இயல்பாகவே பெரிது. மண்ணீரல் எடை, செத்தபோது அதில் தங்கிய ரத்தத்தைப் பொறுத்து ஆடும். எனவே வயது வகுப்புக்குள்ளேயே ஒப்பிடுங்கள். காட்டு எலியின் வயதுக்குக் கண்வில்லை எடை நல்ல வழி: கண்ணை ஃபார்மலினில் வைத்து, வில்லையைப் பிரித்து, 80 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி எடை போட வேண்டும். உடல் எடையை வயதாக எடுக்காதீர்கள், நோயால் மெலிந்தது இளசாகக் கணக்கில் வந்துவிடும். கர்ப்பிணியில் கருப்பையின் எடையைக் கழித்த பிறகே உடல் எடை.

புழு எல்லா எலியிலும் சமமாக இருப்பதில்லை. பெரும்பாலானவற்றில் கொஞ்சம், சிலவற்றில் மொத்தமும். சராசரியைப் போட்டு டி-சோதனை செய்யாதீர்கள், இப்படிச் சிலவற்றில் குவியும் எண்ணிக்கைக்கு ஏற்ற எதிர்மறை ஈருறுப்புப் பரவலில் (negative binomial) பொருத்துங்கள். தொற்று வீதம், தொற்றிய எலி ஒன்றுக்கான சராசரி, எல்லா எலிக்குமான சராசரி, இந்த மூன்றும் வேறு வேறு. ஒட்டுண்ணியியலாளர் புஷ் குழுவினர் 1997இல் வரையறுத்த பொருளிலேயே பயன்படுத்துங்கள். எத்தனை எலி வேண்டும் என்றால்: 10% எலிகளில் இருக்கிற புழுவை ஒரு முறையாவது காண 95% உறுதி வேண்டுமானால் 29 எலி, 5%இல் இருக்கிற புழுவுக்கு 59. அதற்குக் குறைவாக அறுத்து "இந்த வட்டாரத்தில் இல்லை" என்று எழுதக்கூடாது.

ஆகவே ஒவ்வொரு உறுப்புக்கும் புழு எண்ணிக்கைக்குப் பதில் சேத அளவையே நேரடியாக எடுங்கள். காலோடியத்துக்குக் கல்லீரல் பரப்பில் திட்டின் விழுக்காடு, நாலு மடலிலிருந்தும் ஒரு துண்டில் நார்த்திசு தரம். நுரையீரலுக்கு ஃபுல்டன் எண். டீனியாவுக்குக் கொப்புள எண்ணிக்கையோடு இரைப்பைச் சுவர்த் தடிமன். புழு எண்ணிக்கை ஒரு விளக்கக் காரணியாக மட்டும் நிற்கட்டும். மெலிந்த எலியில் புழு அதிகம் என்று கண்டாலும், புழுவால் மெலிந்ததா, மெலிந்ததால் எதிர்ப்புக் குறைந்து புழு ஏறியதா என்று அறுத்துப் பார்ப்பதால் மட்டும் பிரிக்க முடியாது. புழுமருந்து கொடுத்த கூட்டத்தையும் கொடுக்காத கூட்டத்தையும் உயிரோடு தொடர்ந்து பார்த்தால்தான் அது பிரியும்.

தனி உயிரின் உறுப்பு கெடுவதும், அந்த இனத்தின் எண்ணிக்கை குறைவதும் ஒன்றல்ல என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். காலோடியத்தைக் கொண்டு வீட்டுச் சுண்டெலிப் பெருக்கத்தை அடக்கலாம் என்று 1990களில் ஆஸ்திரேலியாவில் பெரிய அளவில் வயல்வெளிச் சோதனை நடந்தது. ஆய்வகத்தில் சுண்டெலியின் குட்டி எண்ணிக்கையைக் குறைத்த அதே புழு, வயலில் எலிக்கூட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை.

மலையடிவாரம்:

மேடத்தின் கடைசிக் கேள்விக்கு. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் பொறி வைக்க முதன்மை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும், கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். மலபார் முள் மரஎலி போன்றவற்றை அறுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எந்த ஆய்வுக்கும் பலிகொடுக்கும் அளவுக்கு அவற்றின் எண்ணிக்கை இல்லை. ஆரல்வாய்மொழிப் பக்கத்து வறண்ட காட்டு முள்ளெலிக்கும் அதேதான். சாலையில் அடிபட்டது கிடைத்தால்கூட வனத்துறையிடம் சொல்லி, அவர்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

மீதி வழி புழுக்கைதான், ஆனால் அது எதைக் காட்டாது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். காலோடியத்தின் முட்டை கல்லீரலுக்குள் அடைபட்டது, அந்த எலியின் புழுக்கையில் வராது. டீனியா இளம்புழு முட்டையே இடாது. ஆஞ்சியோஸ்டிராங்கைலஸ் இளம்புழுவாகத்தான் வரும், உப்புக் கரைசலில் மிதக்கவிடும் முறையில் உருக்குலையும், பெயர்மன் புனல் (இளம்புழு நீரில் இறங்கி அடியில் சேரும்படி அமைத்த புனல்) வைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க இறங்கவிட வேண்டும். ஆக, உறுப்பைக் கெடுக்கிற மூன்று முக்கியப் புழுக்களில் இரண்டு புழுக்கைக்கு எட்டாதவை.

அவற்றுக்கு ஒரு சுற்றுவழி உண்டு. காலோடியம் முட்டை வெளியே வருவது, எலி செத்து அழுகும்போது அல்லது இன்னொன்று அதைத் தின்னும்போது. மரநாய், நாய், பூனை தின்றால் முட்டை செரிக்காமல் அவற்றின் மலத்தில் அப்படியே இறங்கி, ஈரமண்ணில் காற்றுப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். காட்டுப் பாதையில் கிடக்கும் மரநாய் எச்சத்தில் இந்த முட்டையைத் தேடுங்கள், அதே எச்சத்தில் இருக்கும் எலிமயிரையும் பல்லையும் வைத்து எந்த இனம் தின்னப்பட்டது என்று பாருங்கள். மரநாய்க்கு நோய் இருக்கிறது என்று பொருளல்ல, அது தின்ற எலிக்கு இருந்தது என்றுதான் பொருள்.

காட்டோர ரப்பர் தோட்டத்தில்தான் வீட்டு எலியும் காட்டு எலியும் ஒரே நத்தையையும் ஒரே மண்ணையும் தொடுகின்றன. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளை ஒட்டியும் அப்படியே, நாயும் பூனையும் காட்டுக்குள் போய்வருகின்றன. மேல்காட்டு உயிர்களைத் தொடாமலே, தோட்ட விளிம்பில் விவசாயிகள் கொன்ற எலியையும் அங்கே பொறுக்கிய நத்தையையும் பார்த்தால் என்ன உள்ளே போகிறது என்று ஊகிக்கலாம். நத்தையை நறுக்கி, 0.7% பெப்சினும் 0.5% ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் கரைத்து, பெயர்மன் புனலில் இறக்கிப் பாருங்கள். இதில் இருப்பதுதான் மனிதருக்குத் தொற்றும் பருவம் என்பதால் கையுறை இல்லாமல் யாரும் தொடவிடாதீர்கள், மிச்சத்தைக் கொதிக்க வைத்தபின் கொட்டுங்கள்.

அறுத்த எலிகளை ஓடையோரம் வீசுவது அந்த மரநாய்க்கும் நாய்க்கும் நாமே ஊட்டுவது. மொத்தமாக எரிக்கலாம், இல்லையென்றால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லுங்கள்.

நாஞ்சில்_விலங்கியல்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவுத் தாளில் முதல் பத்தியாக "பிடித்த முறை, வயலில் வைத்த விஷம், செத்த நேரம், திறந்த நேரம்" சேர்க்கிறோம். கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுப்புக்கு வருகிற எலிகளிலிருந்து இதயம், நுரையீரல் ஒன்றாக, மூளை தனியாக, இரைப்பை விரித்து. காலோடியம் திட்டின் விழுக்காட்டை நிழற்படத்தில் கட்டம் போட்டு எண்ணலாமா, அல்லது கண்மதிப்பு போதுமா?

எண்ணும்_எடையும்:

கட்டம் போட்டே எண்ணுங்கள், மேடம். கல்லீரலின் மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் அளவுகோலோடு படம் எடுத்து, மேலே 100 புள்ளிக் கட்டம் வைத்து, திட்டில் விழும் புள்ளிகளையும் கல்லீரலுக்குள் விழும் மொத்தப் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணி வகுத்தால் போதும். எண்ணுகிற மாணவருக்கு அது எந்த வயல் எலி என்று தெரியக்கூடாது, படத்துக்கு எண் மட்டும் கொடுங்கள். பத்தில் ஒரு படத்தை இன்னொருவர் மறுபடி எண்ணட்டும்.

நோயியல்_தக்கலை:

ஈரக் கல்லீரலில் பளபளப்பு விழுந்தால் அதுவும் வெள்ளைத் திட்டாகப் படத்தில் வரும், மேடம். காகிதத்தில் ஒற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள்.